அடுப்பங்கரையும் ஏடும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு ஆகியவை பற்றி எனக்கு முன் பேசிய சான்றோர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சமையல். கல்விக் கழக விழாவில் சமையலா என்று பின் வரிசையில் தம்பிமார் சிலர் சிரிப்பதைக் காண்கிறேன். சிரிக்கட்டும். நான் உங்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்க வரவில்லை. எழுதுமாறு கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன். நம் வீட்டு ஆயாமார்களின் கையில் இருக்கும் பக்குவங்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது அவையும் மறைகின்றன. படித்த தலைமுறை ஒன்று நம்மிடையே உருவாகியிருக்கும் இந்த நாளில் அவ்வாறு மறைய விடுவது முறையன்று என்பதே என் பேச்சின் சுருக்கம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்திற்கு நெய் இத்தனை கிலோ, காடாத் துணித் திரி இத்தனை மீட்டர் என்று செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் அளவு குறித்து எழுதுகின்றன. இந்த அளவு குறிக்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. அண்ணாமலையார் கோயிலில் சோழர் காலம் தொட்டு வெட்டப்பட்ட கல்வெட்டுகள் நூற்றுக்கு மேல் உள்ளன. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: இறைவனின் திருவமுதுக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை ஆழாக்கு, கறியமுதுக்கு மிளகு இவ்வளவு, தயிர் இவ்வளவு, அடைக்காய் இவ்வளவு, இவற்றுக்கெல்லாம் விடப்பட்ட நிலம் இவ்வளவு என்று கல்லிலே எழுதி வைத்தார்கள். தமிழ்நாட்டின் முதற் சமையல் ஏடு கோயிற் சுவர்தான் என்று நான் சொல்வதுண்டு. அவர்கள் எழுதி வைத்ததால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பொங்கலின் பக்குவம் இன்று நமக்குத் தெரிகிறது.

அந்த நிலத்தை உழுது, நெல்லை விளைவித்து, அடித்துத் தூற்றி, மூட்டை கட்டித் தந்தவர்கள் யார்? அவர்கள் களத்துமேட்டில் குடித்த கூழுக்குக் கேழ்வரகு எத்தனை நாழி, நொய் எத்தனை உழக்கு என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. மடைப்பள்ளியை விடுங்கள், கோயில் வாசலைத் தாண்டுவதற்கே நமக்கு 1939இலும் 1947இலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. அச்சட்டங்கள் வந்த பின்னும், நம் மாவட்டத்துத் தண்டராம்பட்டுப் பகுதியைச் சேர்ந்த தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு நுழைந்து வழிபட்டது 2023 ஜனவரி 30 அன்றுதான். இவற்றை நான் வெறுப்போடு சொல்லவில்லை. யாருடைய உணவு எழுதத் தக்கது என்று கருதப்பட்டதோ அது எழுதப்பட்டது. நம்முடையது எழுதத் தக்கதென்று எவரும் கருதவில்லை, நாமும் கருதவில்லை.

அச்சு வந்த பிறகேனும் நிலைமை மாறிற்றா? வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் சென்னைத் துரைமார் வீடுகளில் சமையற்காரர்களாகவும் பட்லர்களாகவும் நம்மவர் பலர் வேலை பார்த்தனர். 1878ஆம் ஆண்டில் கென்னி-ஹெர்பர்ட் என்ற இராணுவ அதிகாரி, 'வைவர்ன்' என்ற புனைபெயரில், சென்னையில் வாழும் ஆங்கிலேயருக்கென்று ஒரு பெரிய சமையல் நூல் வெளியிட்டார். நம் மிளகுத் தண்ணீர் உருமாறி 'முல்லிகட்டானி' ஆன கதையெல்லாம் அதில் உண்டு. அந்நூலில் அடுப்பருகே நிற்கும் தமிழ்ச் சமையற்காரர் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான்: 'ராமசாமி'. நூலாசிரியருக்குப் பெயர் நிலைத்தது. அடுப்பில் நின்றவரின் ஊர் எது, பேர் எது, அவர் தம் அம்மாவிடம் எதைக் கற்றார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

இங்கே இன்னொரு பட்லரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை அவர் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். பனையோலை ஏட்டின் அருமை தெரிந்து, அதைச் செல்லரிக்க விடாமல் காத்து, உரியவர் கையில் சேர்த்தவர் துரை வீட்டுச் சமையற்கட்டோடு பழகிய ஒருவர். ஆகவே, ஏடு நமக்குப் புதியது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் குறளைக் காத்த அந்த வீட்டில் அன்றாடம் என்ன சமைத்தார்கள் என்பது மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

1951இல் மீனாட்சி அம்மாள் அவர்கள் 'சமைத்துப் பார்' என்ற நூலை வெளியிட்டார். இளமையிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவுப் பெண்கள் கடிதம் எழுதிப் பக்குவம் கேட்டுக்கொண்டே இருந்ததால், கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியே எழுதுவதை விடுத்து ஒரு நூலாகவே எழுதினார். இன்றும் அது விற்பனையாகிறது. புது மணப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். அந்த அம்மையாரின் உழைப்பை நான் மனமாரப் போற்றுகிறேன். அளவு சொல்வதிலும், அடுப்பையே பார்த்திராதவருக்கும் விளங்கும்படி வரிசையாக எடுத்துரைப்பதிலும் நாம் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். ஆனால் அது பிராமண இல்லத்துச் சமையல். அதைப் போன்ற ஏடுகளே பெருகியதால், தமிழர் சமையல் என்றாலே சாம்பார், ரசம், அவியல் என்று ஊரார் நினைக்கலாயினர். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே நினைக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

நம் சமையல் இதுவரை எவ்வாறு கைமாறி வந்தது? பார்த்துக் கற்றல் என்ற ஒரே வழியில்தான். அம்மா களி கிண்டும்போது பானையைக் கவைக்கோலால் பிடித்துக்கொள்வது மகளின் வேலை. பிடித்துக்கொண்டே பார்ப்பாள், பார்த்தே கற்பாள். மணமாகி வேற்றூர் போனால் அங்கே மாமியாரின் பக்குவம் ஒன்று காத்திருக்கும். செங்கத்துப் பெண் போளூருக்கு வாழ்க்கைப்பட்டால் இரண்டு ஊர்க் குழம்பும் ஒரே சட்டியில் கூடும். இந்தச் சங்கிலி இன்று அறுந்துகொண்டிருக்கிறது. அறுந்ததற்கு நம் கல்வியும் ஒரு காரணம் என்பதை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். பானையைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அதற்காக அவர்களை அடுப்படிக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்வேனா? சொல்ல மாட்டேன், சொல்பவர்களை எதிர்ப்பேன். பார்த்துக் கற்க நேரமில்லாத பிள்ளை படித்துக் கற்கலாம் அல்லவா? எழுத்து அதற்குத்தானே இருக்கிறது? இன்னொன்று: எழுதும் வேலையைப் பெண்பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். சிரித்த தம்பிமாரே, இது உங்களுக்கும் உரிய வேலை.

வேறு காரணங்களும் உண்டு. 2008 செப்டம்பரில் நியாயவிலைக் கடையில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லாமலே வருகிறது. பசியை ஓட்டிய அந்தத் திட்டத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் கேழ்வரகும் சாமையும் கம்பும் நம் அடுக்குப் பானைகளைவிட்டு வெளியேறியதில் அதற்கும் பங்குண்டு. கீரைகளின் கதை வேறு. நடவு வயலிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் களையெடுக்கப் போன பெண்கள் மாலையில் மடி நிறையக் கீரையோடு திரும்புவார்கள். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை, பருப்புக்கீரை, சாரணை, முருங்கையின் கொழுந்து, எது கிடைத்ததோ எல்லாம் சேர்த்து ஒரே சட்டியில் வேகவைத்துக் கடைவார்கள். அதற்குக் கலவைக்கீரை என்று பேர். உழவனுக்குக் களையாகத் தெரிந்தது அவளுக்குக் கறியாகத் தெரிந்தது. இன்று களைக்கொல்லி தெளிக்கிறார்கள். கீரையும் இல்லை, அதை அடையாளம் காணும் கண்ணும் இல்லாமற் போகிறது. வயல் நண்டும் நத்தையும் பூச்சிமருந்தால் அரிதாகிவிட்டன.

எல்லாக் காரணங்களிலும் கொடியது வெட்கம். பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பாத்திரத்தை மூடியால் மறைத்துக்கொண்டு உண்ட அனுபவம் இந்த அவையில் பலருக்கு இருக்கும், எனக்கும் உண்டு. 'களி தின்ன வைத்துவிடுவேன்' என்றால் சிறைக்கு அனுப்புவேன் என்று பொருள். திருவாதிரைக்குப் படைக்கும் களிக்கு மட்டும் அந்த ஏளனம் இல்லை. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும், அதே கேழ்வரகு பளபளப்பான உறையில் ஏறிக் கடைத்தெருவில் நல்ல விலைக்கு விற்கிறது. நாம் உண்டபோது வறுமையின் அடையாளம். மற்றவர் உண்ணும்போது உடல்நலத்தின் அடையாளம்!

உணவை இகழ்ந்தவர்கள் சமைக்கும் கையையும் இகழ்ந்தார்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்து அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அம்மையார் நம்மவர் என்பதற்காகவே அவர் சமைக்கக் கூடாதென்று சிலர் தடுத்தனர். அவரை இடம் மாற்றினர். எதிர்ப்பு எழுந்த பின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2022 மே மாதத்தில் நம் அண்டை மாவட்டத்து ஆம்பூரில் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றபோது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. தட்டில் என்ன இருக்கிறது என்பது இந்த நாட்டில் இன்னும் தட்டோடு நிற்கிற செய்தியாக ஆகவில்லை.

இந்த இடத்தில் இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும்: "1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதீர் என்றாரே, பழைய உணவுகளை எழுதி வைப்பது அவர் சொல்லுக்கு மாறாகாதா?" நல்ல கேள்வி. அண்ணல் விடச் சொன்னது இழிவைச் சுமத்திய ஏற்பாட்டை: பிறர் வீட்டு மாடு செத்தால் இழுத்துப் போடவேண்டும், அதன் இறைச்சியே கூலி என்ற ஏற்பாட்டை. 1948இல் தீண்டப்படாதார் யார் என்று அவர் எழுதிய நூலில், மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை வரலாற்று ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். கைவிட வேண்டியதைக் கைவிடுவது வேறு. இருந்ததை இல்லாதது போல் துடைத்துவிடுவது வேறு. நாளைக்கு ஒருவர், உங்கள் முன்னோர் எப்படி வாழ்ந்தனர் என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாளாவது வேண்டாமா? பசியைப் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. பஞ்சத்தில் உண்டதைப் பஞ்சத்தில் உண்டது என்றே எழுதுங்கள்.

மராட்டியத்தில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். புனே பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஆய்வு மையத்தில், பேராசிரியர் சர்மிளா ரேகேயின் வழிகாட்டலில், 2009இல் ஒரு நூல் வெளிவந்தது. 'இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?' என்பது அதன் தலைப்பின் பொருள். ஷாஹு பாட்டோளே என்பவர் 2015இல் மராட்டியில், மஹார், மாங்கு சமூகங்களின் சமையலைப் பக்குவங்களோடு எழுதினார். 'அன்னமே பூரணப் பிரம்மம்' என்று அங்கே ஒரு வழக்கு. அவரோ தம் நூலுக்கு 'அன்னம் அபூரணப் பிரம்மம்' என்று பெயர் வைத்தார். 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நெய்யும் பாலும் எட்டாத அடுப்பில் சுவை எவ்வாறு பிறந்தது என்று அந்நூல் காட்டுகிறது. தமிழில் பாமா, இமையம், அழகிய பெரியவன் போன்றோரின் கதைகளில் நம் உணவு மணக்கிறது. ஆனால் கதையைப் படித்துவிட்டுக் குழம்பு வைக்க முடியாது. அளவு சொல்லும் ஏடு தனியே வேண்டும்.

"எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று தயங்குகிறவர்களுக்கு அமெரிக்க நாட்டு அம்மையார் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் அபி ஃபிஷர். கறுப்பினத்தவர், அடிமையாகப் பிறந்தவர், எழுத்தறியாதவர். விடுதலைக்குப் பின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஊறுகாயும் பழப்பாகும் செய்து விற்றுப் பதக்கங்கள் பெற்றார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, 1881இல் அவர் பெயரிலேயே சமையல் நூல் அச்சாயிற்று. நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூல் 1995இல் மறுபதிப்புப் பெற்றது. அதில் ஒரு வேடிக்கை. சோளமும் அவரையும் சேர்த்துச் செய்யும் 'சக்கோட்டாஷ்' என்ற கறியின் பெயர் அதில் 'சர்க்கியூட் ஹாஷ்' என்று அச்சாகியிருக்கிறது. அந்த அம்மையாரின் பேச்சு எழுதியவர் காதுக்குப் பழகவில்லை. நம் ஆயா 'தொய்யக்கீர' என்றால் அது என்ன கீரை என்று வெளியூர் ஆராய்ச்சியாளர் விழிப்பார், பேரப்பிள்ளைக்கு விளங்கும். அதனால்தான் நம் வீட்டுப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்கிறேன்.

இனி எழுதும் முறை. இதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். ஏனெனில் ஆர்வத்தோடு தொடங்கி, முறை தெரியாமல் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, பக்குவத்தைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்காதீர்கள். "கூழ் எப்படிக் காய்ச்சுவாய் ஆயா?" என்று கேட்டால், "அதிலென்ன இருக்கிறது, மாவைக் கரைத்து ஊற்றுவதுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அவருக்கு அது மூச்சு விடுவது போல. அவர் சமைக்கும்போது அருகில் இருங்கள். கைப்பிடி மாவை அள்ளிப் பானையில் போடப் போகும் நேரத்தில், ஒரு கிண்ணத்தை நீட்டி அதில் வாங்கி நிறுத்துப் பாருங்கள். முதலில் எரிச்சற்படுவார்; இரண்டாம் நாள் அவரே கிண்ணத்தைக் கேட்பார். படிக்கு நான்கு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் கிலோவும் லிட்டரும் வந்தும் ஆயாவின் ஆழாக்கு மாறவில்லை. ஆகவே அவர் சொல்லும் அளவையும் எழுதுங்கள். பக்கத்தில் கிராம் கணக்கையும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக் களித் தாளையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். நொய் ஒரு பங்கு, கேழ்வரகு மாவு மூன்று பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, உப்பு. தண்ணீர் கொதித்ததும் கழுவிய நொய்யைப் போட வேண்டும். நொய் முக்கால் பதம் வெந்ததும் தீயைத் தணித்து, மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். அப்போது கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் குவியலில் ஒரு குழி செய்தால் அதன் வழியே கஞ்சி பொங்கி மேலேறி மாவை வேகவைக்கும். மூடி வைத்து, பச்சை மாவு வாசனை போனபின் இறக்கி, ஒருவர் கவைக்கோலால் பானையைப் பிடிக்க, ஒருவர் துடுப்பால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். ஈரக் கிண்ணத்தில் எடுத்து உருட்ட வேண்டும். இவ்வளவையும் எழுதிய பிறகுதான் 'கிளறக் கூடாது' என்ற வார்த்தையின் அருமை விளங்கிற்று. ஆயா அதைச் சொல்லவே இல்லை. கிளறாமல் இருந்ததைப் பார்த்து எழுதியது. செய்வதை மட்டுமன்றிச் செய்யாமல் விடுவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கண்டத்தை எடுத்துக்கொள்வோம். மாடு அறுத்த நாளில் தெருவார் பங்கிட்டுக்கொண்டது போக எஞ்சியதை, நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். உப்பு இறைச்சியின் நீரை இழுக்கிறது; வெயில் அந்நீரைப் போக்குகிறது; நீரில்லாத இடத்தில் கிருமி வளராது. குளிர்பதனப் பெட்டி காணாத நம் தாய்மார்கள் மழைக்காலத்துக்கென்று புலாலைக் காத்த விஞ்ஞானம் இது. தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டிக் களிக்குத் தொட்டுக்கொள்வார்கள். கத்தரிக்காய் சேர்த்துக் குழம்பும் வைப்பார்கள். எந்த மாதத்து வெயிலில், எத்தனை நாள், இரவில் எடுத்து வைத்தார்களா என்பன வீட்டுக்கு வீடு மாறும். கேட்டு எழுதுங்கள்.

வீட்டுக்கு வீடு மாறுவதைப் பற்றி ஒரு சொல். அக்காள் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்பாள். தங்கை தக்காளி போதும் என்பாள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் நீதிபதிகள் அல்லர். இரண்டையும் இரண்டு தாளில் எழுதுங்கள். இரண்டையும் கலந்து நடுவாக ஒன்று எழுதினால், அந்தக் குழம்பு எவர் வீட்டிலும் வைக்காத குழம்பாகிவிடும்.

மருந்துச் செய்திகளில் எச்சரிக்கை வேண்டும். மூலத்திற்கு நத்தை, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு என்று சொல்வார்கள். 'இது நோயைத் தீர்க்கும்' என்று எழுதாமல், 'இன்னார் இதற்கென்று கொடுப்பார்' என்று எழுதுங்கள். கீரையையும் பெயரை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள்; தெரிந்தவர் காட்டியதைப் படம் பிடித்துத் தாளோடு சேர்த்து வையுங்கள்.

இனி ஒழுங்குபடுத்துதல். ஓர் உணவுக்கு ஒரு தாள். தைத்த நோட்டுப் புத்தகம் வேண்டாம். இடையில் புதிதாக ஒன்று சேர்க்க இயலாது. துளையிட்ட தாள்களைக் கோப்பில் கட்டினால் வேண்டிய இடத்தில் சேர்க்கலாம். மையூற்றுப் பேனா வேண்டாம். அடுப்படி ஈரத்தில் மை கரையும். மூலத் தாளை அடுப்படிக்குக் கொண்டுபோகவே கூடாது; நகல் போகட்டும். தாளின் தலையில் உணவின் பெயரை வீட்டில் சொல்கிறபடியே எழுதுங்கள். அதன் கீழே சொன்னவர் பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், யாரிடம் கற்றார், எழுதியவர் பெயர், தேதி. 'ராமசாமி' என்று ஒரே பேரில் எல்லாரையும் அடைத்த கதை நம் கையாலேயே மீண்டும் நடந்துவிடலாகாது. தாளின் அடியில் 'கடைசியாகச் சமைத்த ஆண்டு' என்று ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டத்தில் எழுதும்போது பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு என்று பின்னோக்கிப் போகிறது.

கோப்பை எவ்வாறு பிரிப்பது? சைவம், அசைவம் என்று பிரிப்பது கடைக்காரர் வழக்கம். நம் சமையல் வேலையோடும் பருவத்தோடும் பிறந்தது. ஆகவே நடவு நாள், களையெடுப்பு, அறுவடை, மழைக்காலம், ஆடிக் கூழ், மஞ்சள் நீராட்டு, பிள்ளைப்பேறு, சாவு வீடு என்று பிரிக்கலாம் என்பது என் கருத்து. முதல் மழைக்குப் பின் விளக்கடியில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து ஈசல் பிடித்து, இறகை முறத்தில் புடைத்து, வறுத்துத் தின்னும் பக்குவம் மழைக்காலத்தில் போய் அழகாக உட்காரும். சைவம் அசைவம் என்ற பிரிவில் அதை எங்கே வைப்பீர்கள்? கடைசியில் அகரவரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். மல்லாட்டை, மணிலா, வேர்க்கடலை மூன்றும் ஒன்றே என்று அறியாத பிள்ளையும் தேடியெடுக்கும்படி மூன்று பெயரையும் அதில் சேர்க்க வேண்டும்.

கைப்பேசியில் குரலையும் காட்சியையும் பதிவு செய்வது மிக நல்லது. துடுப்பு சுழலும் வேகத்தை எழுத்து காட்டாது. ஆனால் பதிவுக்கு ஆயா பெயரும் தேதியும் இட்டு, வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்த அன்றே ஒரு கிழவியின் அறுபதாண்டுக் கைப்பக்குவமும் அதோடு போன வீடு எனக்குத் தெரியும்.

ஒன்றை மறவாதீர்கள். சொல்லுகிற முதியவருக்குச் சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு. பசித்த நாளில் உண்டதைச் சொல்லும்போது, "இதைப் புத்தகத்தில் போடாதே கண்ணு" என்று சிலர் கேட்பார்கள். அத்தகைய தாளை 'வீட்டுக்குள்' என்று குறித்துத் தனி உறையில் வையுங்கள். கழகத்துக்கு அந்தத் தாள் வர வேண்டியதில்லை.

மற்றத் தாள்களில் ஒரு நகல் கழக நூலகத்துக்குத் தரலாம். செயலாளர் அவர்களிடம் பேசியிருக்கிறேன். நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டை இதற்கென்று ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். நான் சொன்ன கட்டங்கள் அச்சிட்ட வெற்றுத் தாள்கள் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஐந்து எடுத்துச் செல்லுங்கள். அடுத்த பொங்கல் விடுமுறைக்கு விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போகிறார்கள். வீட்டில் மிக மூத்தவர் யாரோ, அவரிடம் முதலில் உட்காருங்கள். எழுதும்போது எழும் ஐயங்களைத் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் நூலகத்தில் இருப்பேன்.